பூச்சில் புதையும் கான்கிரீட்

நம் ஊர்களில் பூசாத சுவரைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும்: வீடு கட்டியவர் கையில் பணம் தீர்ந்துவிட்டது. கிரகப்பிரவேசம் முடிந்து பல வருடம் ஆன பிறகும் செங்கல் தெரிய நிற்கும் பக்கச் சுவரைக் காட்டி, “இன்னும் பூச்சு வேலை முடியலையா?” என்று உறவினர்கள் கேட்பார்கள். கட்டுவது பாதி, பூசி வண்ணம் அடிப்பது மீதி என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிப்போன கணக்கு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய காலத்தில் அந்தக் கணக்கு சரியானதே. பூச்சுதான் அன்று சுவரை மழையிலிருந்து காத்தது. ஆனால் அதே கண்ணோடு ஒரு பொறியாளரோ நிர்வாக அலுவலரோ 1960களின் வெற்றுக் கான்கிரீட் கட்டடம் ஒன்றின் முன்னால் போய் நிற்கும்போது, அது அவருக்கு யாரோ பாதியில் விட்டுப்போன வேலையாகத் தெரிகிறது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, முகப்பில் ஏசிபி என்னும் அலுமினியக் கலப்புத் தகடு பொருத்தி முடித்துத் தருவதை அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். அந்த நல்லெண்ணத்தில் அழிந்த கட்டடங்களுக்குக் கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை.

இடிக்கப்படும் கட்டடத்துக்காவது நாளிதழில் ஒரு படம் வரும், வழக்கு நடக்கும், நான்கு பேர் வருந்துவார்கள். புதுப்பிக்கப்படும் கட்டடத்துக்குத் திறப்பு விழா நடக்கும். அதனால்தான் நவீனத்துவக் கான்கிரீட் கட்டடங்களைப் பொறுத்தவரை இடிப்பைக் காட்டிலும் மராமத்தே பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை முதன்மையாக அந்த மராமத்தைப் பற்றியது.

முதலில், அங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெற்றுக் கான்கிரீட்டின் மேற்பரப்பு கொத்தனாரின் கரண்டியில் உருவாவதில்லை. சென்ட்ரிங் தச்சர் அடித்து நிறுத்தும் பலகையில் உருவாகிறது. பலகையின் நரம்பு, இரண்டு பலகை சேரும் விளிம்பில் கசிந்து நின்ற பால், ஆணித்தலை அழுத்திய தடம், நேற்றைய கலவையும் இன்றைய கலவையும் சந்திக்கும் கோடு எல்லாம் அப்படியே பதிந்து நிற்கும். பலகையைப் பிரித்த பிறகு திருத்த இடமில்லை. டாக்காவின் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த லூயி கான் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அங்கே சுவர் ஒவ்வொரு முறையும் சுமார் 5 அடி உயரத்துக்கு வார்க்கப்பட்டது. அந்த இணைப்புகளை மறைக்க முயலாமல், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பளிங்குப் பட்டை ஒன்றைப் பதித்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது அலங்காரம். அருகில் போய்ப் பார்க்கிறவர் அந்தக் கட்டடம் எத்தனை வார்ப்பில் எழுந்தது என்று எண்ணிவிடலாம். சண்டிகரில் லெ கொர்பூசியேயின் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் எழுந்தபோது, கலவையைத் தலையில் சுமந்து சாரம் ஏறியவர்களில் பெண்கள் ஏராளம். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் வேலை செய்ததற்கான ஒரே சாட்சி அந்தக் கரடுமுரடான பரப்பு. அதன் மேல் பட்டி பூசுவது அந்தச் சாட்சியை அழிப்பதாகும்.

இந்தியாவில் இந்த வகைக் கட்டடக்கலைக்குத் தொடக்கமாகப் பலரும் காட்டுவது புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே விடுதியை. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட் வரைந்தார். பின்னாளில் மரவேலைக் கலைஞராக உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாமரும் களத்தில் நின்று கட்டினார்கள். ஹைதராபாத் நிஜாம் அரசின் கொடை, திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்ததால் அந்தப் பெயர். 1930களின் இறுதியில் தொடங்கிய வேலை 1940களில்தான் முடிந்தது. அதன் பிறகு 1950களில் சண்டிகர், 1960களில் அகமதாபாத், 1970களில் டெல்லி என்று அலை பரவியது. சென்னையில் 1959இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் அன்றைய நகரத்துக்குத் தந்த வியப்பைப் பெரியவர்கள் இன்னும் சொல்லக் கேட்கலாம்.

கான்கிரீட்டை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு அழகியல் மட்டும் காரணம் இல்லை. உருக்கு அரிது, விலை அதிகம். உழைப்பு மலிவு. டெல்லி பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1972இல் நடந்த ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்தது, கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜ். உலகம் முழுவதும் உருக்குக் குழாய்களால் செய்யப்படும் முப்பரிமாணச் சட்டகத்தை, உருக்குக்கு வழியில்லாத நாட்டில், கான்கிரீட்டில் களத்திலேயே கையால் வார்த்துக் காட்டினார்கள். அந்த அளவில் அப்படி ஒன்று உலகில் வேறெங்கும் அதற்கு முன் செய்யப்படவில்லை. 2017 ஏப்ரல் மாத இரவொன்றில் அது இடிக்கப்பட்டது. கட்டி 60 ஆண்டு ஆகாத எதையும் பாரம்பரியக் கட்டடமாகக் கருத இயலாது என்று டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு சொன்னது. கட்டடத்துக்கு அப்போது வயது 45.

இந்த வயது விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பிரச்சினையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் குறைந்தது 100 ஆண்டு கேட்கிறது. டெல்லிக் குழு கேட்டது 60. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவான வரம்பு 50. பிரிட்டனில் 30, அதற்கும் இளைய கட்டடம் சிறப்பானதாகவும் ஆபத்திலும் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கான்கிரீட் கட்டடம் ஒன்றுக்கு முதல் பெரிய மராமத்து தேவைப்படுவது பெரும்பாலும் 40 முதல் 50 ஆண்டுக்குள். கடலோரத்தில் இன்னும் முன்னதாகவே. ஆக, நோய் வரும் வயதில் சட்டத்தின் காவல் இல்லை. காவல் கிடைக்கும் வயதில் காக்க வேண்டியது மிஞ்சியிருப்பதில்லை. இங்கிலாந்தின் பிரெஸ்டன் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1969இல் கட்டியது. 2012இல் நகர மன்றம் இடிக்க முடிவு செய்தது. 2013இல், 44 வயதில், அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. 2018இல் சீரமைத்துத் திறந்தார்கள். 2021இல் நவீனத்துவக் கட்டடப் பேணலுக்கான உலக நினைவுச்சின்ன நிதியத்தின் பரிசு அதற்குக் கிடைத்தது. இடிக்கப்பட்டபோது ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு இருந்த வயதுக்கும் இதற்கும் ஓராண்டுதான் வேறுபாடு.

இனி நோயைப் பற்றி. கம்பி கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமென்ட் தரும் கடுமையான காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5க்கு மேல். அந்தச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி நிற்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைக்கிறது. பி.எச். 9க்குக் கீழே போனதும் படலம் கரைகிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு தொடங்கும். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டோ இழுவிசை தாங்காத பொருள். வெடித்து உதிர்கிறது.

இதில் ஒரு கணக்கு முக்கியமானது. கார்பனேற்றத்தின் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. 10 மில்லிமீட்டர் போக 10 ஆண்டு ஆனால் 20 மில்லிமீட்டர் போக 40 ஆண்டு ஆகும். கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் மூடாக்கு பாதியானால், ஆயுள் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. அந்தக் காலத் தளங்களில் 15 மில்லிமீட்டர் மூடாக்கு சாதாரணம். வார்க்கும்போது யாராவது கம்பியை மிதித்துவிட்டால் அதுவும் இருக்காது. இன்றைய இந்தியத் தர விதி, 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456, கடல் சார்ந்த கடும் சூழலுக்கு 45, 50 மில்லிமீட்டர் என்று கேட்கிறது. இதோடு, சிமென்ட் பர்மிட்டில் கிடைத்த காலம் அது. 1982இல்தான் கட்டுப்பாடு பகுதியளவு தளர்ந்தது. மூட்டைக் கணக்குப் பார்த்துக் கலவை போட்ட கட்டடங்களில் அடர்த்தி குறைவாக இருந்தால் வியப்பதற்கில்லை. கடற்கரை நகரங்களில் உப்புக்காற்றின் குளோரைடு இன்னொரு வழி. அது காரத்தன்மை குறையாமல் இருக்கும்போதே காப்புப் படலத்தைத் துளைத்துவிடும்.

இவையெல்லாம் புதிர்கள் அல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாகக் கம்பி அரிப்பை ஆராய்ந்துவருகிறது, மண்டபம் கடற்கரையில் அதற்கான சோதனை நிலையமே வைத்திருக்கிறது. பழுது எங்கே எவ்வளவு என்று அறிய எளிய வழிகளும் உண்டு. சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே எங்கே உள்ளே பிரிந்து நிற்கிறது என்று அனுபவப்பட்ட காதுக்குத் தெரியும். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் ஊதா கலந்த சிவப்பாகும், கார்பனேற்றம் அடைந்த இடம் நிறம் மாறாது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த அதே வேதியியல்தான். கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து எங்கே அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று வரைபடம் போடலாம். அறிவு நம்மிடம் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்வதில்லை.

ஏன் என்று கேட்டால், நம் டெண்டர் முறைக்குள் போக வேண்டும். அரசு மராமத்து ‘ஐட்டம்’ கணக்கில் நடக்கிறது. பழைய பூச்சை உடைத்து எடுக்க இவ்வளவு, பட்டிக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு இவ்வளவு. நோய் அறிவதற்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஐட்டம் இல்லை. இருந்தாலும் எஸ்டிமேட்டைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அவருக்கு லாபம் பரப்பளவில். எவ்வளவு அதிகம் பூசுகிறாரோ அவ்வளவு பில். கொஞ்சமாகச் செய்வதே சரி என்று சொல்லும் ஒரு தொழிலை, அதிகமாகச் செய்பவருக்குக் காசு தரும் முறைக்குள் நுழைக்கிறோம். கான்டிராக்டரைக் குறைசொல்லி இதில் பயன் இல்லை. அவர் கேட்டதைச் செய்கிறார்.

அப்படிச் செய்யப்படும் வேலையில் என்னென்ன நடக்கிறது? உதிர்ந்த இடத்தை மட்டும் செதுக்கி, கம்பியின் முன்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, புதுக் கலவையை அப்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டில் ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்கிறது, அதைச் சுற்றிலும் புதிதாக வெடிக்கிறது. முன்பு அந்த மோசமான இடமே எதிர்மின்வாயின் காவலைத் தன் அக்கம்பக்கத்துக்குத் தந்து, தானே அரிப்பை ஏற்று நின்றது. அதைப் புதுக் கலவையால் குணப்படுத்தியதும், அடுத்த இடம் அரிப்பை ஏற்கத் தொடங்குகிறது. கம்பியைச் சுற்றிலும் பின்பக்கம் வரை செதுக்கியெடுத்துச் சுத்தம் செய்வதும், ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு இணைத்து அதையே அரிப்புக்குப் பலியாக விடுவதும் இதற்குத் தெரிந்த மருந்துகள். இரண்டாவதாக, நிறப் பொருத்தம். இன்றைய சிமென்ட் அன்றையதைவிட நுண்ணியதாக அரைக்கப்படுவது. சாம்பல் கலந்த சிமென்டின் நிறம் வேறு. ஆற்றுமணலின் இடத்தில் எம்-சாண்ட் வந்துவிட்டது. ஒட்டு, ஒட்டாகவே கண்ணை உறுத்தும். அந்த உறுத்தலை மறைக்க முழுச் சுவருக்கும் பெயின்ட். மீள்தன்மை கொண்ட தடித்த பெயின்ட் வெளி நீரைத் தடுக்கும் என்பது உண்மை. மொட்டைமாடியிலிருந்தும் உடைந்த குழாயிலிருந்தும் உள்ளே வந்த நீரை அதுவே வெளியேற விடாமல் பிடித்துவைக்கும் என்பதும் உண்மை. மூன்றாவது, அழுக்கைப் போக்க மணல் வீச்சு. அது அழுக்கோடு சேர்த்துப் பலகைத் தடம் பதிந்த சிமென்ட் தோலையும் உரித்து ஜல்லியை வெளிக்காட்டிவிடும். பிறகு ஈரம் இன்னும் எளிதாக உள்ளே போகும். எல்லாவற்றிலும் மோசமானது தகடு பொருத்துவது. சட்டத்தைப் பிடிக்க நூற்றுக்கணக்கான இடத்தில் துளையிட வேண்டும். தகட்டின் பின்னால் கான்கிரீட் வெடிப்பது அதன் பிறகு யார் கண்ணுக்கும் படாது, பெரிய துண்டு விழும் வரை.

கோவாவின் கலா அகாதமி இந்தக் கதையின் பல இழைகளை ஒன்றாகக் காட்டுகிறது. பணஜியில் மண்டோவி ஆற்றங்கரையில் சார்ல்ஸ் கொரியா 1970களில் தொடங்கி 1983 வாக்கில் முடித்த கட்டடம். அதன் சிறப்பு உயரத்திலோ முகப்பிலோ இல்லை. தெருவிலிருந்து உள்ளே நுழைகிறவர், கதவு எதையும் திறக்காமல், நிழற்பந்தலின் கீழாகவே ஆற்றங்கரை வரை நடந்து போய்விடலாம். நாடகம் பார்க்க வந்தவரும் காற்று வாங்க வந்தவரும் ஒரே நிழலில் நிற்பார்கள். உள்ளரங்கச் சுவர்களில் மரியோ மிராண்டாவின் சித்திர மாந்தர்கள். 2019இல் அதன் திறந்தவெளி அரங்கை இடிக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இடிப்பு கைவிடப்பட்டது. 2021இல் மராமத்துக்காக மூடினார்கள். டெண்டர் இல்லாமல் நியமன முறையில் வேலை ஒப்படைக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. 2023 ஜூலையில், வேலை நடந்துகொண்டிருந்த வளாகத்தில், அதே திறந்தவெளி அரங்கின் மேற்தளம் இடிந்து விழுந்தது. இரவு நேரமாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் கட்டடம் திறக்கப்பட்ட பிறகும் மேடைக் கலைஞர்கள் ஒலி, ஒளி அமைப்புகளைப் பற்றித் தொடர்ந்து புகார் சொன்னார்கள். குறைகளை ஆராய அரசே ஒரு குழுவை அமைக்க வேண்டி வந்தது. இடிக்கக் கூடாது என்று போராடிக் காப்பாற்றிய அரங்கை மராமத்தில் இழந்த வலி கோவாக்காரர்களுக்கு ஆறவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. கட்டடத்தைப் புரிந்துகொண்டவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். கொரியாவின் பெயரிலான அறக்கட்டளையே பணஜியில் இயங்கியது. அவர்களை மேஜைக்கு அழைத்து உட்காரவைக்காமல் செய்த வேலை அது.

சண்டிகரின் நிலை வேறு. அங்கே பாதுகாப்புக்குக் குறைவில்லை. 2016இல் தலைமை வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், 7 நாடுகளில் பரவிய 17 லெ கொர்பூசியே ஆக்கங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. (அதற்கு முன்பே, லெ கொர்பூசியேயோடு சண்டிகரில் பணியாற்றிய பியேர் ஜான்ரே காலத்து அலுவலக நாற்காலிகள் பழைய சாமானாக ஏலம்போய், பிறகு பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சங்களுக்கு விற்றன. நகரம் தன் உடைமையின் மதிப்பை வெளியூர் ஏலக்கடையிலிருந்து தெரிந்துகொண்டது வருத்தமான செய்தி.) இன்று அங்குள்ள சிக்கல், பயன்படுத்துகிறவர்களின் தேவை. 2024 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதியின் அமர்வறை முன்னால் வெயில் மழைக்கு ஒதுங்க ஒரு தாழ்வாரம் கட்ட உத்தரவிட்டது. யுனெஸ்கோ தகுதிக்கு ஆபத்து வரும் என்று நகர நிர்வாகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2 முதல் 9 வரையிலான அறைகளின் முன்னால் ஏற்கெனவே தாழ்வாரம் இருப்பதைச் சுட்டி, உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவை ஏற்றது.

நனைந்துகொண்டு நிற்கும் வழக்கறிஞரிடமும் கட்சிக்காரரிடமும் போய் முகப்பின் தாளகதியைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு மனம் வராது. மழை உண்மையானது. கான்கிரீட் வாங்கிவைத்த பகல் சூட்டை மாலையில் திருப்பித் தருவதும் உண்மை. ஆனால் அந்த வாதத்தில் ஒளிந்திருப்பதைப் பார்க்க வேண்டும். முன்பு ஒன்று சேர்க்கப்பட்டது, ஆகவே இன்னொன்றும் சேர்க்கலாம் என்பதே அது. நேற்றைய சேர்க்கை இன்றைய சேர்க்கைக்கு முன்னுதாரணமானால், முடிவு எங்கே? ஒவ்வொரு தேவையையும் தனித்தனியாக எடுத்து முடிவு செய்தால் ஒவ்வொரு முறையும் தேவைதான் ஜெயிக்கும், ஐம்பது ஆண்டில் கட்டடம் தோற்றிருக்கும். எந்த இடத்தைத் தொடவே கூடாது, எந்த இடத்தில் மாற்றத்துக்கு இடமுண்டு, எங்கே எது வந்தாலும் பரவாயில்லை என்று தேவை எழுவதற்கு முன்பே எழுதிவைக்கும் பேணல் திட்டம் அதற்காகத்தான். இருபதாம் நூற்றாண்டின் நவீனத்துவக் கட்டடங்களுக்கு இத்தகைய திட்டங்கள் எழுத கெட்டி அறக்கட்டளை 2014 முதல் 2020 வரை உலகெங்கும் நிதி தந்தது. சண்டிகரில் ஜான்ரேயின் காந்தி பவனும் லெ கொர்பூசியேயின் அருங்காட்சியகமும் அதில் பயன்பெற்றவை. இருபதாம் நூற்றாண்டுப் பாரம்பரியத்தைப் பேணும் வழிமுறை பற்றி 2017இல் உலக நிபுணர்கள் ஏற்ற ஆவணத்தின் பெயரிலேயே மாட்ரிட்டோடு புதுடெல்லியும் இருக்கிறது. ஹால் ஆஃப் நேஷன்ஸ் இடிந்ததும் அதே ஆண்டில், அதே ஊரில்.

ஒரே வளாகத்தில் இரண்டு வழிகளும் நடந்த இடம் அகமதாபாத் மேலாண்மைக் கழகம். லூயி கான் 1962இல் தொடங்கிய வளாகம்; பி.வி. தோஷியும் அனந்த் ராஜேயும் உடனிருந்தார்கள். செங்கல் வளைவுகளின் அடியில் கான்கிரீட் இணைப்புகள் இழுத்துப் பிடித்திருக்கும் கட்டடங்கள் அவை. செங்கலுக்குள் புதைத்த கம்பி துருப்பிடித்துச் சுவரைப் பிளந்தது. 2001 நிலநடுக்கமும் சேதம் செய்தது. விக்ரம் சாராபாய் நூலகத்தைப் பிருந்தா சோமையாவின் நிறுவனம் பொறுமையாகச் சீரமைத்தது. 2019இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, 18 விடுதிகளில் 14ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகக் கழகம் அறிவித்தது. உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு வரவே, 2021 பிறந்த அன்றே பின்வாங்கியது. 2022 நவம்பரில் மறுபடி அதே முடிவுக்குத் திரும்பியது. பாதுகாப்புக் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. அதே கல், அதே கம்பி, அதே நோய் கொண்ட நூலகத்தைக் காப்பாற்றிக் காட்டிய பிறகு, விடுதிகளுக்கு மட்டும் வழியில்லை என்று சொல்பவர்கள் இன்னும் விரிவாக விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க் ஹில் குடியிருப்பும் இப்படி இரண்டு பாடம் தருகிறது. 1961இல் முடிந்த மாபெரும் நகராட்சிக் குடியிருப்பு, 1998இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. முதல் கட்டச் சீரமைப்பில் கான்கிரீட் சட்டத்தை மட்டும் விட்டுவைத்து, இடையிலிருந்த செங்கல் நிரப்புகளை எடுத்துவிட்டுப் பளபளக்கும் வண்ண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். பத்து ஆண்டு கழித்து வேறு கட்டடக்கலைஞர்கள் செய்த அடுத்த கட்டத்தில், செங்கலை அப்படியே வைத்து, உள்ளே காப்பிட்டு, மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவதே கட்டடத்தை மதித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே வாடகைக்கு இருந்த உழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை என்பதை விட்டுவிட்டுக் கான்கிரீட்டைப் பற்றி மட்டும் பேச முடியாது. எல்லோருக்கும் வீடு, எல்லோருக்கும் அரங்கம், எல்லோருக்கும் நூலகம் என்ற நம்பிக்கையில் பிறந்த கட்டடங்கள் இவை. பரப்பைக் காத்து, குடியிருந்தவரைத் துரத்தினால், காத்தது பாதிதான்.

எல்லாக் கான்கிரீட்டையும் காக்க வேண்டுமா? இல்லை. அக்காலக் கட்டடங்களில் பெரும்பாலானவை அவசரத்தில் எழுந்த சாதாரணக் கட்டடங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்தபோது, விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. சீலிங் காரை பெயர்ந்து பிள்ளையின் தலையில் விழுமோ என்று அஞ்சித் தூங்குகிற குடும்பத்துக்குப் புது வீடுதான் நீதி. தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்தெடுப்பதற்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்குப் பார்வை வேண்டும். இடித்துக் கட்டுவதே மலிவு என்ற வாதமும் முழுக் கணக்கல்ல. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஏற்கெனவே வார்த்து நிற்கும் சட்டத்தைத் தூளாக்கிவிட்டு மீண்டும் அதே அளவு வார்ப்பதற்கு ஒரு விலை உண்டு, அது எந்த எஸ்டிமேட்டிலும் எழுதப்படுவதில்லை.

கோல்கொண்டேவுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை அங்கே நிற்கிறது. வங்கக் கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் எட்டு பத்தாண்டுகளாக அடிக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் சன்னலுக்குப் பதிலாக, திருப்பி மூடும் கிடைமட்டப் பலகைகள் முழுச் சுவரையும் நிரப்பியிருக்கின்றன. தட்டைத் தளத்தின் மேலே காற்றுக்கு இடைவெளி விட்டு, முன்வார்த்த வளைவு ஓடுகளால் இரண்டாவது கூரை. வெயிலின் முதல் அடியை அது வாங்கிக்கொள்கிறது. ஆசிரமத்தில் வார்த்துச் செய்த பித்தளைப் பொருத்துகள் இன்னும் வேலை செய்கின்றன. இதற்கெல்லாம் காரணம் அரிய ரசாயனம் எதுவும் இல்லை. அங்கே வசிப்பவர்களே தினந்தோறும் துடைக்கிறார்கள், எண்ணெய் இடுகிறார்கள், பழுது சிறியதாக இருக்கும்போதே சரிசெய்கிறார்கள். ஐம்பது ஆண்டு கவனிக்காமல் விட்டு, பிறகு ஒரே ஆண்டில் கோடிகளைக் கொட்டிப் புதுப்பொலிவு தருவதற்கு நேர் எதிரான வழி இது. ஆண்டுதோறும் மழைக்கு முன் நீர்வடி குழாய்களை அடைப்பெடுப்பதும், மொட்டைமாடியில் மரக்கன்று முளைக்கும்போதே பிடுங்குவதும், விரிசலை அளந்து தேதியோடு குறித்துவைப்பதும் எந்த அரசு அலுவலகத்துக்கும் முடியாத காரியங்கள் அல்ல.

தமிழ்நாட்டில் 1960களிலும் 70களிலும் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடங்கள், மருத்துவமனைகள், நூலகங்கள், அரங்குகள் பலவும் இப்போது அந்த ஆபத்தான மராமத்து வயதைக் கடந்துகொண்டிருக்கின்றன. மாநில மரபுக் குழுமத்துக்கான சட்டம் 2012லேயே வந்தது. ஆனால் நம் பாரம்பரியப் பேச்சு இன்னும் கோயிலையும் இந்தோ–சாரசெனிக் கோபுரத்தையும் தாண்டவில்லை. முதல் தேவை, வயதைப் பாராமல் ஒரு பட்டியல். அடுத்து, பட்டியலில் உள்ள கட்டடத்தின் மராமத்தில் நோயறிதலைத் தனி வேலையாகப் பிரித்து, அதற்குத் தனிக் கட்டணம் வைத்து, அதைச் செய்பவர் பூச்சு வேலைக்கு ஒப்பந்தம் எடுக்கக் கூடாது என்ற விதி. மூன்றாவதாக, முழுச் சுவரையும் தொடும் முன் மறைவான ஓரிடத்தில் சிறு பரப்பில் ஒட்டு வேலையைச் செய்து பார்த்து, ஒரு மழைக்காலமாவது காத்திருப்பது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒன்று கைநழுவிக்கொண்டிருக்கிறது. பழைய வரைபடங்கள் அலுவலகம் மாறும்போது எடைக்குப் போகின்றன. மகேந்திர ராஜின் கட்டமைப்பு வரைபடங்கள் 2016இல் நூலாகத் தொகுக்கப்பட்டதால், ஹால் ஆஃப் நேஷன்ஸ் எப்படி நின்றது என்பதையாவது நாளைய மாணவர் படிக்க முடியும். நம் ஊர்க் கட்டடங்களுக்கு அந்த அளவு ஆவணமும் இல்லை. எந்தக் குவாரி ஜல்லி, எந்த ஆற்று மணல், என்ன விகிதம், பலகைக்கு என்ன எண்ணெய், எத்தனை நாள் தண்ணீர் காட்டினார்கள் என்பது அன்றைய உதவிப் பொறியாளர்கள், மேஸ்திரிகள், சென்ட்ரிங் தச்சர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. பொதுப்பணித்துறையும் கட்டடக்கலைக் கல்லூரிகளும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டெண்டர் அறிவிப்பை அதற்குப் பிறகு வெளியிடலாம்.